முரண்பொருட் சொற்களின் வரலாறு

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலே, மேற்குக் கடலை நோக்கி அமைந்த மீனவர் ஊர் கண்டக்குழி. தமிழும் சிங்களமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவரும் கரை அது. தமிழ்ப் புலவர் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' (1859) என ஆங்கிலத்தில் ஆக்கித்தந்த சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்ததும் கற்பிட்டியிலேயே. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலர் இக்குடாநாட்டிற் குடியேறியபோது, வடபுலத் தமிழும் இங்கு வந்து கலந்தது. இத்தகைய கரையில் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்வது வெறும் மொழிச்சிக்கலன்று. பாராட்டை வசையெனக் கொண்டால் உறவே முறிதல் கூடும்.

சிங்கள இளைஞர் பேச்சில் வழங்கும் 'மரு' என்ற சொல் இதற்குத் தக்க சான்றாகும். சாவைக் குறிக்கும் இச்சொல், மரணம் என்னும் வடசொல்லோடு வேரால் உறவுடையது. ஆயினும் இளைஞர் ஒன்றைக் கண்டு 'மரு' என்றால் 'மிகச் சிறந்தது' என்பதே கருத்து. தமிழிலோ 'மரு' நறுமணத்தைக் குறிக்கும் இலக்கியச் சொல். ஆக, ஒரே ஒலி சாவாகவும் மணமாகவும் புகழ்ச்சியாகவும் நிற்கின்றது.

இம்மாற்றம் ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. யப்பானிய மொழியில் 'யபாய்' என்னும் சொல் 'ஆபத்தானது' எனப் பொருள்படும். அதன் மூலவடிவம் ஜிப்பென்ஷா இக்கு 1802இல் வெளியிடத் தொடங்கிய நகைச்சுவைப் பயண நூலிற் காணப்படுகின்றது. பின்னர்க் கள்வர் முதலியோரின் மறைமொழியில் வழங்கிய அச்சொல், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளைஞர் வாயில் 'அருமை' என்னும் பொருளையும் பெற்றது. யப்பானியப் பண்பாட்டலுவல்கள் முகவரகம் 2014ஆம் நிதியாண்டுக்கென நடத்திய ஆய்வில், 16 முதல் 19 வயது வரையுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அதனைப் புகழ்ச்சிப் பொருளில் ஆள்வதாகக் கூறினர். அனைத்து வயதினரையும் ஒருங்கே நோக்கின், அவ்வாறு ஆள்வோர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே. ஒரே வீட்டில் வாழும் பாட்டனும் பேரனும் அச்சொல்லை எதிரெதிராக விளங்கிக்கொள்ளக் கூடும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

இத்தகைய வழக்குகளைக் கண்டு மொழி கெட்டுவிட்டதென வருந்துவோர் தமிழின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 'நாற்றம்' பண்டு நறுமணத்தையும் குறித்தது. கண்ணனின் திருவாய் கற்பூரம்போல் மணக்குமோ, தாமரைபோல் மணக்குமோ எனச் சங்கை வினவும் ஆண்டாள், 'நாறு' என்னும் வினையையே ஆள்கிறார். இன்று அச்சொல் தீய மணத்துக்கே உரியதாயிற்று. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர்.

இதற்கு மறுதலையான உயர்பொருட்பேற்றுக்குக் 'கழகம்' சிறந்த சான்று. திருவள்ளுவர் 'சூது' அதிகாரத்திற் சூதாடும் இடத்தையே கழகம் என்கிறார். கம்பரிடத்தில் அது கலை பயிலும் இடமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அரசியல் இயக்கங்களும் இலக்கிய மன்றங்களும் அப்பெயரைத் தாங்கின. சூதாடுகளத்தைக் குறித்த சொல் இன்று 'பல்கலைக்கழகம்' என்னும் தொடரில் உயர்கல்வியின் பெயராய் விளங்குகின்றது. இளைஞர் மொழியைப் பழிக்கும் கற்றோர் தாம் அமர்ந்திருக்கும் இடத்தின் பெயரையே எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழிலக்கணம் இவ்வுண்மையை அறியாததன்று. 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குக் காவல், அச்சம், சிறப்பு உள்ளிட்ட பல பொருள்களைத் தொல்காப்பியர் வகுத்தார். அச்சமும் அதனை நீக்கும் காவலும் ஒரு சொல்லிலேயே அடங்குவது மனங்கொள்ளத்தக்கது. நன்னூலார் குழூஉக்குறியைத் தகுதி வழக்கில் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஒரு குழுவினரின் சொல்லை அக்குழுவினரைக் கொண்டே அறிதல் வேண்டும் என்னும் நெறி இதிற் பெறப்படுகின்றது. இன்றைய இளைஞரும் ஒரு குழுவினரே.

ஆகவே முரண்பொருள் மொழியின் நோயன்று. அது மொழி வாழ்வதன் அடையாளம். சொன்னவர் யார், எவரிடத்து, எந்நிலையிற் சொன்னார் என்பவற்றை ஆராயாது சொல்லை மட்டும் பற்றி நிற்பதே பிழைக்கு வித்தாகும். கண்டக்குழி போன்ற இருமொழிக் கரைகளில் இவ்வாராய்ச்சி ஏட்டோடு நிற்பதன்று. அயலவர் பாராட்டைப் பாராட்டாகவே ஏற்றுக்கொள்வதற்கு அதுவே முதற்படியாகும்.