நலமுள்ளவர் கொள்ளைநோய்க்கு எவ்வளவு அஞ்ச வேண்டும்?



புதிய கிருமியொன்று பரவுவதாகச் செய்தி வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் இரண்டு குரல்கள் எழுகின்றன. “நாம் திடமாகத்தானே இருக்கிறோம், நம்மை அது என்ன செய்துவிடும்? மவ்த் எழுதப்பட்ட நாளில்தான் வரும்” என்பது ஒரு குரல். அடுத்த வீட்டில் இருமல் கேட்டாலே நடுங்கிக் கதவைச் சாத்திக்கொள்வது மற்றொன்று. முன்னது தவக்குலின் பெயரால் பேசுகிறது; பின்னது எச்சரிக்கையின் பெயரால் பேசுகிறது. உடல்நலமுள்ள ஒரு முஃமினுக்கு இருக்க வேண்டிய அச்சத்தின் அளவு யாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

உமர் (ரலி) அவர்கள் திரும்பிய பாதை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களை ஸர்ஃக் என்னுமிடத்தில் படைத்தளபதிகள் சந்தித்து, நோய்ச் செய்தியைத் தெரிவித்தனர். முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் கலந்தாலோசித்தபோது கருத்து இரண்டுபட்டது. குறைஷி முதியவர்கள் ஒருமித்துத் திரும்பச் சொல்ல, உமர் (ரலி) அவ்வாறே முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையை அறிவித்தார்கள்.

இக்கட்டளை நோயாளிக்கு மட்டும் உரியதன்று. நலமுள்ளவரையே அது முதலில் கட்டுப்படுத்துகிறது. வெளியே இருக்கும் நலமுள்ளவர் உள்ளே புகக் கூடாது. உள்ளே இருக்கும் நலமுள்ளவர் வெளியே ஓடக் கூடாது. அவர் அறியாமலேயே நோயைச் சுமந்து செல்லக்கூடும் என்பதைப் பிற்கால மருத்துவம் நமக்கு விளக்கியது. அந்நோயில் அபூஉபைதா (ரலி) அவர்களும், நாற்பது வயதைத் தொடாத முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். ஈமானின் வலிமையோ உடலின் இளமையோ எவருக்கும் நோயிலிருந்து விலக்களிக்கவில்லை.

மதுரையில் இப்னு பதூதா

14ஆம் நூற்றாண்டில் மதுரையை சுல்தான்கள் ஆண்டபோது அந்நகருக்கு வந்த பயணி இப்னு பதூதா, அங்கு ஒரு கொள்ளைநோயைக் கண்டார். நோய் பற்றியவர் மறுநாளோ மூன்றாம் நாளோ இறந்தார். தாமதித்தால் நான்காம் நாள். நலமுள்ளவள் என்று உறுதியளிக்கப்பட்டு வாங்கிய அடிமைப்பெண் மறுநாளே இறந்ததை அவர் பதிந்துள்ளார். உதவி கேட்டு ஒரு தாய் தம் எட்டு வயது மகனோடு வந்தாள். இருவரும் நலமாகவே இருந்தனர். அடுத்த நாள் அதே தாய் மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்து நின்றாள்.

இப்னு பதூதாவையும் அந்நகரில் கடும் காய்ச்சல் பீடித்தது. நம் அடுக்களையில் உள்ள புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததாகவும், அல்லாஹ் நலமளித்ததாகவும் அவர் கூறுகிறார். புளி கொள்ளைநோய்க்கு மருந்து என்று இதிலிருந்து எவரும் கொள்ளலாகாது. இன்று திடமாக இருப்பது நாளைக்கான உறுதிச்சீட்டு அன்று என்பதே மதுரை நிகழ்வு தரும் பாடம்.

இளைஞர்களைத் தேடிய காய்ச்சல்

மேற்கூறிய அம்வாஸ் நோய் ‘தாஊன்’ எனப்படும் பிளேக் வகை, வைரஸால் வருவதன்று. வைரஸ் கொள்ளைநோய்க்கு நம் நாடு கண்ட பெரும் சான்று 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா. முதல் உலகப் போரின் இறுதியாண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, தொடர்வண்டிப் பாதைகள் வழியே அது நாடெங்கும் பரவியது. முதல் அலை மிதமாக இருந்தது. ஆண்டின் பிற்பகுதியில் வந்த இரண்டாம் அலையே பேரழிவை விளைவித்தது. இந்தியாவில் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரையிலானோர் மாண்டிருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை வளர்வதற்கு மாறாகக் குறைந்தது.

வழக்கமான காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும் வாட்டும். இதுவோ 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரை மிகுதியாகக் கொன்றது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தனர். ஊட்டக்குறைவும், நோயாளிகளை அருகிருந்து பராமரித்ததும் அதற்குரிய காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. “வாலிபருக்கு ஒன்றும் ஆகாது” என்ற நம்பிக்கை எல்லா நோய்க்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கொரோனா காட்டிய மறுபக்கம்

2020இல் வந்த கொரோனாவின் போக்கு வேறு. நோயுற்றோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு அது எளிதாகவே கடந்தது. முதியோரையும், சர்க்கரை நோய், இதய நோய் உடையோரையும் அது கடுமையாகத் தாக்கியது. ஆகவே நலமுள்ள இளைஞர் தம் உயிருக்காகப் பெரிதும் அஞ்ச வேண்டிய தேவை குறைவு. ஆனால் நோய்க்குறி தோன்றுமுன்பே, சிலரிடம் குறியே இல்லாமலும், அது பிறருக்குப் பரவியது. மேலப்பாளையம் அடைக்கப்பட்ட நாள்களில் “நலமாக இருக்கும் எங்களை ஏன் அடைக்கிறீர்கள்?” என்று கேட்டவர்களுக்கு உரிய விடை இதில் உள்ளது. நோய்க்கு மதமும் சமுதாயமும் இல்லை. ஒரு சமுதாயத்தின்மீது பழி சுமத்தியோர் செய்தது அநீதி. அந்த அநீதியை மறுக்கும் நாம், நம் கடமையையும் மறக்கலாகாது.

அந்த ஆண்டு நம் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து எவரும் ஹஜ்ஜுக்குச் செல்ல இயலவில்லை. ஜும்ஆவை இழந்த வேதனை பெரிது. எனினும் கடுமழை நாளில் இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்த நபி (ஸல்) அவர்களின் வழிமுறை நமக்கு ஆறுதலாக இருந்தது.

அச்சத்தின் அளவு

நோய் தானாகவே தொற்றும் ஆற்றல் உடையது என்ற அறியாமைக்கால நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள்; அல்லாஹ்வின் நாட்டமின்றி எதுவும் நிகழாது. அதே வேளையில், நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களோடு கொண்டு சேர்ப்பதையும் தடுத்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் காண்போருக்கே தவக்குலின் பொருள் விளங்கும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஏரலைச் சூழ்ந்தபோது, வாசற்படியில் ஏறிய நீரைக் கண்ணால் கண்டோம். முதியோரை முதலில் மேட்டில் ஏற்றினோம். திடமானவர் கழுத்தளவு நீரிலும் நின்றுவிடலாம் என்பதற்காக வாப்பாவையும் உம்மாவையும் கீழே விட்டுவிடவில்லை. கிருமியின் வெள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் கவனம் இன்னும் கூட வேண்டும். சுற்றுக் கிராமங்களெல்லாம் வந்து கூடும் கடைத்தெருவும், மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளும் நம்முடையவை. காலையில் கடையில் நிற்கும் இளைஞர் இரவில் தம் பெத்தாவின் அருகில் அமர்ந்து உண்கிறார்.

எனவே நலமுள்ளவர் பீதியடைய வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பரவும் நோய் எவரைத் தாக்குகிறது என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ப அஞ்சட்டும். காய்ச்சலோ இருமலோ கண்டால் ஜமாஅத்தையும் முஸாஃபஹாவையும் சில நாள் தவிர்க்கட்டும். மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதிருக்கட்டும். தனித்திருப்போரின் வாசலில் உணவும் மருந்தும் வைத்துவரட்டும். தம் உயிர் குறித்து அல்லாஹ்வின்மீது நம்பிக்கை. பிறர் உயிர் குறித்து அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்கும் அச்சம். அளவு இதுவே. உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பலவீனருக்கும் அதில் பங்குண்டு.

அந்த அமானிதத்தைப் பேணும் நல்லுதவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! நோயுற்றோருக்கு நிறைவான ஷிஃபாவையும், கொள்ளைநோயில் நம்மைப் பிரிந்தோருக்கு ஷஹீதின் அந்தஸ்தையும் அருள்வானாக! ஆமீன்.