ஸ்டேஷனைத் திறந்தால் போதுமா? – சென்னையின் இரண்டு ரயில் பாதைகள்

எங்களில் கனபேருக்குச் சென்னை எண்டால் முதலில் ஞாபகம் வாறது தியாகராய நகர் ரங்கநாதன் தெருதான். ஒரு கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க அங்க போய், சனத்துக்குள்ள நசிபட்டு, கையில் நாலு பையோடு வெளியில் வந்த கதை இல்லாத குடும்பம் எங்கட பக்கத்தில் குறைவு. அந்தத் தெரு ஏன் அப்படி நிறைஞ்சு வழியுது எண்டு நாங்கள் யோசிக்கிறதில்லை. தெருவின் ஒரு முனையில் மாம்பலம் ரயில் நிலையம் இருக்கிறது. ரயில் ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டுப் போகிற சனம்தான் அந்தத் தெரு.

அங்கிருந்து கிழக்கே சில கிலோமீற்றர் தள்ளி மயிலாப்பூரில் இன்னொரு நிலையம் இருக்கிறது. பெயர் திருமயிலை. மாம்பலத்தைவிடப் பல மடங்கு பெரிய கொங்கிரீட் கட்டடம். ஆனால் திறந்து கனகாலமாக அதன் பெரிய கூடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே தெற்கு ரயில்வேயின் கீழ் ஓடிய பாதைகள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

1931: அடிக்கடி வந்த ரயில்

மாம்பலத்தின் கதையைத் தொடங்க 1920களுக்குப் போகவேண்டும். அப்போது அங்கே நீண்டதொரு ஏரி இருந்தது. சென்னை மாகாண அரசு அதை வற்றவைத்து மேடாக்கி, காணி பிரித்து, ஒரு புதிய குடியிருப்பை உருவாக்கியது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்கு வைத்தார்கள். நடுவில் இருக்கும் பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயர். (ஏரியை மூடியதன் விலையை ஒவ்வொரு பெருமழையிலும் அந்த நகர் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது தனியாக எழுதவேண்டிய கதை.)

மாம்பலத்தில் அதற்கு முன்பே ஒரு ஸ்டேஷன் இருந்தது. ஆகவே 1931இல் புதுசாக வந்தது கட்டடம் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் தென்னிந்திய ரயில்வே, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை, ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு, மின்சார ரயிலை ஓடவிட்டது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் பம்பாயில் ஓடத் தொடங்கி ஆறே வருசம்தான் ஆகியிருந்தது.

மின்சாரம் ஏன் முக்கியம்? நீராவி எஞ்சின் வேகம் எடுக்கவும் நேரம் வேணும், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மற்றப் பக்கம் கொண்டுவந்து பூட்டவும் நேரம் வேணும். மின்சார வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநருக்கு இடம் இருக்கிறது. வந்த பாட்டிலேயே திரும்பிப் போகலாம். கிட்டக்கிட்ட நிலையங்களில் நின்று நின்று போனாலும் பெரிதாகப் பிந்தாது. அதனால் ஒரு நாளைக்குக் கனதரம் ஓடவிடலாம். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அன்றைய வேலையே போச்சு எண்ட நிலை மாறினது இப்படித்தான்.

பாதையின் ஒரு நுனியில் துறைமுகமும் ஜோர்ஜ் டவுனும் கோட்டையும் இருந்தன. எழுதுவினைஞர்கள் வேலைக்குப் போற இடங்கள் எல்லாம் அங்கேதான். மற்றப் பக்கம் காணி மலிவாக இருந்தது. இரண்டையும் ஒரு சீசன் டிக்கட் இணைத்தது. மெல்ல மெல்லப் பாதையோரம் ஊர்கள் தடித்தன. தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற தாம்பரம் சானட்டோரியம் எல்லாம் இந்தப் பாதையில் இருக்கும் நிலையங்கள். 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜோர்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கே இடம்பெயர்ந்தது. 1948இல் ஏவிஎம் ஸ்ரூடியோ காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்தது. படிக்கிற பிள்ளை, நோயாளியைப் பார்க்கப் போறவர், சினிமாக் கனவோடு வந்து இறங்கினவர், கந்தோருக்குப் போறவர் எண்டு ஆளுக்கொரு காரணம். காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம் எண்டில்லாமல் நாள் முழுக்க ரயிலுக்கு ஆள் இருந்தது.

1995: கால்வாய்க்கு மேலே ஒரு ரயில்

இரண்டாவது பாதைக்குப் பறக்கும் ரயில் எண்டு சனம் பெயர் வைத்தது. தூண்களுக்கு மேலே ஓடுகிற பாதை. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும் திறந்தார்கள்.

நெருக்கமான நகரத்துக்குள் காணி எடுப்பது பெரும்பாடு. ஆகவே பாதையின் பெரும்பகுதியைப் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே கொண்டுபோனார்கள். ஒப்பந்தக் கணக்கில் இது புத்திசாலித்தனம். ஆனால் வீடுகளும் கடைகளும் கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவை. சனம் நடமாடுகிற தெருவும் பஸ் ஓடுகிற தெருவும் வேறு பக்கம். ரயிலுக்குப் போக வேணுமெண்டால் பஸ் தரிப்பிடத்தைக் கடந்து, பின் ஒழுங்கையால் நடந்து, பிறகு மாடிப்படி ஏறவேண்டும். நாலு ஸ்டேஷன் தூரம் போறதுக்கு யார் அவ்வளவு பாடுபடுவார்கள்? வீட்டு வாசலில் பஸ் வருகுதே!

வணிக வளாகமாக்கலாம் எண்டு நினைத்துக் கட்டிய மாடிகளுக்குக் கடைகள் வரவில்லை. கடையில்லாத கூடம் இருட்டுப்பட்டால் எப்படியிருக்கும்? பெண்கள் தனியே அந்த நிலையங்களுக்குப் போகத் தயங்கினார்கள். ஆள் இல்லாததால் பயம், பயத்தால் ஆள் இல்லை. பஸ்ஸுக்கு ஒரு டிக்கட், ரயிலுக்கு இன்னொரு டிக்கட் எண்டதும் சேர்ந்துகொண்டது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடக்கிற நாட்களில் மட்டும் ரயில் நிரம்பியது.

இன்னொரு விசயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. இந்தப் பாதைக்காகக் கால்வாய்க் கரையில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பல அகற்றப்பட்டன. ஒக்கியம் துரைப்பாக்கம் போன்ற, அன்றைக்கு நகரத்தின் வெளிவிளிம்பாக இருந்த இடங்களில் அவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். மலிவான ரயில் ஆருக்கு அதிகம் தேவையோ, நடந்தே வந்து ஏறக்கூடிய தூரத்தில் ஆர் இருந்தார்களோ, அவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 2000இல் டைடல் பார்க் திறக்கப்பட்டது. 2004இல் ரயில் அதன் வாசலுக்குப் பக்கத்திலேயே, திருவான்மியூருக்கு வந்தது. 2007இல் வேளச்சேரி வரை போனது. கணினி வேலைக்குப் போகிற இளையவர்கள் ஏறத் தொடங்கினார்கள். ரயில் அதேதான், தூணும் அதேதான். இறங்கி நடக்கிற தூரத்தில் இப்போது ஒரு வேலை இருந்தது. அவ்வளவுதான்.

எங்கட பாதை

இதையெல்லாம் நாங்கள் ஏன் இங்க இருந்து எழுதுகிறோம்?

யாழ்ப்பாணத்து ரயில் பாதை கொழும்புக்குப் போறதுக்கு முன்பே உள்ளூர்ப் பாதையாகத்தான் பிறந்தது எண்டது எங்களில் கனபேருக்குத் தெரியாது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் ரயில் ஓடியது. கொழும்போடு தொடுத்தது 1905இல். 1990இல் போரோடு நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது எங்கட ஆக்கள் கண்கலங்கினது உண்மை. 2015 ஜனவரியில் அது காங்கேசன்துறைக்கும் போனது. ஆனால் அன்றைக்கு வலிகாமம் வடக்கில் ஆயிரக்கணக்கான ஆக்களின் காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. நிலையம் திறந்தாச்சு, நடந்து வந்து ஏறவேண்டிய ஊர்ச்சனம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எண்டு கிட்டக்கிட்ட நிலையங்கள் எங்களிடம் இருக்கின்றன. பக்கத்திலேயே காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸும் மினிபஸ்ஸும் ஓடுகின்றன. நாளுக்கு ஒருசில தரம், அதுவும் பெரும்பாலும் கொழும்புப் பயணத்தை வைத்து வருகிற ரயிலால் அவற்றோடு போட்டிபோட முடியாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் கந்தோர் தொடங்குகிற நேரத்துக்கும் ஒரு சின்ன ரயில் ஓடினால் என்ன நடக்கும்? மாம்பலத்தில் 1931இல் நடந்தது அதுதான். அங்க ஸ்டேஷன் ஏற்கெனவே இருந்தது. ரயில்தான் அடிக்கடி வரவேண்டியிருந்தது.

அடுத்த முறை ஒரு நிலையத்துக்கு நாடா வெட்டுகிற படம் பேப்பரில் வந்தால் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் நடக்கவேணும்? அந்தத் தூரத்துக்குள் ஆரை இருக்க விட்டிருக்கிறார்கள்?