விளைச்சல் ஓரிடம், வியாபாரம் வேறிடம்: மரவள்ளியின் வரலாறு

வரலாறு என்றால் ராஜாக்கள் சண்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நாம் அவித்துச் சாப்பிடுகிற மரவள்ளிக் கிழங்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்ம குழுக்களுக்கு வேண்டிய பாடம் இருப்பதால் எழுதுகிறேன்.

மரவள்ளி நம்ம நாட்டுப் பயிர் இல்லை. தென் அமெரிக்காவில் பிரேசில் பக்கம் பிறந்தது. நம்ம பண்ருட்டி முந்திரிக்கும் அதுதான் பிறந்த ஊர். இரண்டையும் கப்பலில் கொண்டுபோய்ப் பல நாடுகளில் பரப்பியவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஆப்பிரிக்காவுக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே மரவள்ளி போய்விட்டது. இங்கே 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு உதவும் என்று இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றுபோனது. அப்போது கேரள ஜனங்களைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான்.

இன்றைக்கு உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 30 கோடி டன் மரவள்ளி விளைகிறது. அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில். நைஜீரியா மட்டுமே சுமார் 6 கோடி டன். ஆசியாவில் இருக்கும் தாய்லாந்தில் சுமார் 3 கோடி டன்தான். அப்படியானால் வெளிநாட்டுக்கு அதிகம் விற்பது நைஜீரியா என்றுதானே நினைப்போம்? இல்லை. ஏற்றுமதியில் முதலிடம் தாய்லாந்துக்கு. நைஜீரியா அனுப்புவது மிகக் கொஞ்சம்.

காரணம் கிழங்கிலேயே இருக்கிறது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துக் கெட்டுப்போகும். பாதிக்கு மேல் தண்ணீர். அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. ஆப்பிரிக்காவில் பெரும்பங்கு ஜனங்களின் சாப்பாட்டுக்கே போகிறது. அங்கே பெண்கள் கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, பிழிந்து, வறுத்து 'காரி' என்ற ரவை செய்கிறார்கள். அதைக் குறைவாகச் சொல்லக்கூடாது, வயிறு நிறைவதுதான் முதல். தாய்லாந்துக்காரர்களுக்கு முக்கியச் சாப்பாடு அரிசி. அதனால் மரவள்ளியை விற்பதற்கென்றே போட்டு, சீவிக் காயவைத்து, குருணைத் தீவனமாகவும் ஸ்டார்ச் மாவாகவும் மாற்றி அனுப்பினார்கள்.

1960-களுக்குப் பிறகு அவர்களிடம் அதிகம் வாங்கியது ஐரோப்பா. அங்கே தானிய விலை அதிகம், மரவள்ளிக்கு இறக்குமதி வரி குறைவு. அதனால் மாட்டுக்கும் பன்றிக்கும் தாய்லாந்து மரவள்ளியைப் போட்டார்கள். லட்சக்கணக்கான டன் போனது. அங்குள்ள விவசாயிகள் எதிர்க்கவே, 1982-ல் ஒப்பந்தம் போட்டு வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் என்று அளவு வைத்தார்கள். 1992-ல் ஐரோப்பா தன் தானிய விலையைக் குறைத்ததும் மரவள்ளி கேட்பாரற்றுப் போனது. பிறகு சீனா வாங்க ஆரம்பித்ததால் தாய்லாந்து தப்பித்தது. ஒரே வாங்குபவரை நம்பினால், அவர் வீட்டில் எடுக்கிற முடிவு நம்ம வீட்டு அடுப்பை அணைத்துவிடும்.

நம்ம சேலம் கதையும் இதோடு சேர்ந்ததுதான். யுத்தத்தில் ஜாவா, மலேயாவிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றதால், 1943-ல் சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளியிலிருந்து அவற்றைத் தயாரிக்கத் தொடங்கினார். பிறகு ஆலைகள் பெருகின. ஆனால் சரக்கை வைக்க குடோன் இல்லை, கடன் இல்லை, இடைத்தரகர் சொன்னதுதான் விலை. அதனால் ஆலைக்காரர்கள் 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். குடோனில் சரக்கை வைத்து, அதன்மேல் முன்பணம் வாங்கி, ரகசிய டெண்டரில் விற்கிறார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் இதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஆலைக்காரர்கள். கிழங்கு போட்ட விவசாயிக்கு, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று ஆலையில் பார்த்துத்தான் விலை. யார் சேர்ந்து நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் விலை பேசும் பலம்.

நம்ம ஊரையே பாருங்கள். ஆப்பிரிக்காவில் விளைந்த முந்திரிக்கொட்டை கப்பலேறி பண்ருட்டிக்கு வருகிறது, நம்ம பெண்கள் உடைத்துப் பருப்பாக்குகிறோம். விளைவித்தவருக்கு ஒரு பங்கு, உடைக்கிற நமக்குக் கூலி, தரம் பிரித்து டின்னில் அடைத்து விற்பவருக்கு மீதி. இப்போது ஐவரி கோஸ்ட் நாட்டிலேயே உடைக்கும் ஆலைகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கொட்டை இங்கே வருவது குறைந்தால் நம்ம கூலியும் குறையும்.

அதனால் கூட்டமைப்பில் கடன் வாங்கித் தொழில் தொடங்கும்போது மூன்று கேள்வி கேட்போம். பலாவோ முந்திரியோ, கெடாத பொருளாக மாற்ற நமக்குத் தெரியுமா? விலை வரும்வரை வைக்க இடம் இருக்கிறதா? வாங்க ஒருவருக்கு மேல் ஆள் இருக்கிறாரா? தனித்தனியாக விற்றால் மூன்றுக்கும் பதில் இல்லை. பல குழுக்கள் சேர்ந்தால் பதில் கிடைக்கும். கூட்டமைப்பு என்பது கடனுக்கு மட்டும் இல்லை, இதற்கும்தான்.