வானிலைக் குறிப்பேடு குருமடத்தை விட்டு வெளியேறியது எப்போது?
லின் வைட்டின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

சமயத் தலைவர்களின் பயிற்சியில் காலநிலை அறிவியலைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ திருமடலோடு பிறந்தது என்றே பலரும் எழுதுகிறார்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பது பற்றிய பேச்சாக இதைக் காண எனக்கு உடன்பாடில்லை. சென்னையைப் பொறுத்தவரை, வானிலையைக் கவனித்து எழுதுவது ஒரு காலத்தில் குருத்துவ வாழ்வுக்குள்ளேயே இருந்தது, பிறகு வெளியேறியது. ஏன் வெளியேறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரிடமிருந்து வருகிறது. அந்த விடை தவறு என்பது என் வாதம்.

வைட் 1966 டிசம்பரில் வாஷிங்டனில் ஆற்றிய உரை, 1967 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரையாக வந்தது. சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறித்தவத்தின் கோட்பாட்டில் இருக்கிறது என்றார் அவர். ஆதியாகமம் மனிதனுக்குப் பூமியின்மேல் ஆளுகை கொடுத்தது. மரத்திலும் ஊற்றிலும் குடியிருந்த தெய்வங்களைச் சபை விரட்டியது. காவலற்றுப்போன இயற்கையைத் தொழில்நுட்பம் சுரண்டியது. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் மேலும் பெருக்குவதால் மட்டும் நாம் மீள முடியாது, சமயத்தையே மறுபடி சிந்திக்க வேண்டும் என்று முடித்து, அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் இரண்டாம் ஜான் பால் அதை முறைப்படி அறிவிக்கவும் செய்தார். ஒரு வரலாற்றாசிரியரின் பரிந்துரை பன்னிரண்டே ஆண்டுகளில் வத்திக்கான் ஆணையாவது எளிதில் நடப்பதல்ல.

அரை நூற்றாண்டாக இறையியலாளர்கள் வைட்டை மறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுகை என்பது சுரண்டல் அல்ல, பராமரிப்பு என்பார்கள். நோவாவின் உடன்படிக்கையில் விலங்குகளும் அடக்கம் என்பார்கள். ஆனால் இப்படி மறுப்பவர்கள் அவர் கோடு போட்டுக் கொடுத்த களத்துக்குள்தான் ஆடுகிறார்கள். நோய் கோட்பாட்டில் இருக்கிறது, எனவே மருந்தும் கோட்பாட்டில்தான் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டுவிட்டன. குருமடத்தில் இதன் விளைவு வெளிப்படையானது: சூழல் என்றால் விவிலிய விளக்க வகுப்பு. இந்தியச் சூழல் இறையியல் இதோடு நீதியையும் சேர்த்தது உண்மை. ஜார்ஜ் மேத்யூ நாலுன்னாக்கலின் 1999ஆம் ஆண்டு நூல் சூழலை விடுதலை இறையியலோடு இணைத்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் மழைமானியும் ஓத அட்டவணையும் அங்கேயும் பாடமாகவில்லை.

வைட்டின் வாசிப்பில் எனக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கனமான கலப்பை வட ஐரோப்பிய வேளாண்மையை எப்படி மாற்றியது என்பதைக் கருவியிலிருந்தே விளக்கியவர் அவர். அப்படிப்பட்டவர் இந்தக் கட்டுரையில் மட்டும் கருவி, அலுவலகம், ஊதியம், நிறுவனம் எல்லாவற்றையும் கோட்பாட்டின் நிழலாக்கிவிடுகிறார். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததற்கு ஆதியாகமத்தைப் பொறுப்பாக்க முடியாது. கோயில்காட்டில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கத் தயங்கும் ஊர்கள் உள்ள மாநிலத்தில்தான் அது நடந்தது.

இனி, என் மறுப்புக்கு ஆதாரமான ஆவணம். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த லூத்தரன் மிஷனரி யோகான் எர்ன்ஸ்ட் கைஸ்டர், 1732 முதல் 1737 வரை சென்னையில் அன்றாட வானிலைக் குறிப்பேடு ஒன்றை எழுதினார். பெஞ்சமின் ஷூல்ட்சே தொடங்கிய சென்னை மிஷனில் அவர் சக மிஷனரி சர்தோரியஸோடு பணியாற்றிய காலம் அது. 1737இல் இருவரும் கடலூருக்குப் போனார்கள். குறிப்பேடு நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1999இல் வால்ஷ், கிளாசர், மிலிட்சர் என்ற மூவர் பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் காலநிலையை மீட்டெடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். காலநிலை ஆய்வாளர்களுக்கு அது ஒரு தரவுத் தொகுதி. மிஷன் வரலாற்றாசிரியர்களோ கைஸ்டரை மதமாற்றக் கணக்குக்கும் ஷூல்ட்சேயோடு ஏற்பட்ட பூசல்களுக்கும் புரட்டுகிறார்கள். எழுதிய கை ஒன்றே. வாசித்த கண்கள்தான் சந்திக்கவில்லை.

கைஸ்டர் கோட்பாட்டில் தளர்ந்தவர் அல்லர். ஹாலேயின் பக்திநெறி கண்டிப்பானது. வைட் சொல்லும் கோட்பாடு இயற்கையைச் சமய வீட்டிலிருந்து துரத்தியிருந்தால், அந்த நெறியில் தோய்ந்த ஒருவர் ஐந்தாண்டு காலம் காற்றையும் மழையையும் எதற்காகக் குறித்தார்? கடவுளின் பராமரிப்பை நாள்தோறும் கண்டறியும் பக்திப் பழக்கம் அது என்று சொல்லலாம். அந்த நெறியின் தலைவர் பிராங்கே ஹாலேயில் நிறுவிய கல்விக்கூடத்தில் இயற்கைப் பொருள்களின் காட்சி அறையே இருந்தது, சேகரிப்பதும் கவனிப்பதும் அங்கு பயின்றவருக்கு இயல்பு என்றும் சொல்லலாம். இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது ஒன்றை நான் அழுத்திச் சொல்வேன். அதற்குச் சான்று மெலிது, சூழ்நிலைச் சான்று மட்டுமே. அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது; கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே நிற்பது உயிரோடு விளையாடுவது. 1746 அக்டோபரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னைக்கு முன்னால் புயலில் சிதறின. மிஷனுக்கு வர வேண்டிய பணமும் அச்சுத்தாளும் கடிதமும் இப்படித் திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களில்தான் வந்தன. காற்று எப்போது திரும்பும் என்பது கைஸ்டருக்குத் தியானப் பொருளாக இருந்ததோ இல்லையோ, வாழ்வாதாரப் பொருளாக இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வெளியேற்றம் எப்போது? கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. 1796இல் வானியலாளர் கோல்டிங்ஹாம் அங்கே வானிலைப் பதிவைத் தொடங்கினார். ஊதியம் பெறும் அலுவலர், கருவி, அரசுப் பதிவேடு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு மிஷனரியின் குறிப்பேடு தேவையற்றதாயிற்று. யாரும் அதைத் தடை செய்யவில்லை. வேலை கைமாறியது, அவ்வளவே.

1796ஐயே எல்லைக்கல்லாக நட்டுவிட முடியாது. 1818இல் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரியில் இறையியலோடு இயற்கை அறிவியலும் கற்பிக்கப்பட்டது. அங்கே ஜான் மாக் வேதியியல் நடத்தினார். கல்கத்தாவில் இயேசு சபைக் குரு லாஃபோன், 1867 புயல் குறித்துத் தம் சிறு ஆய்வுக்கூடத்திலிருந்து முன்கூட்டியே எச்சரித்தார். இந்திய வானிலைத் துறை 1875இல் வந்தது. இந்த எண்பது ஆண்டுகளுக்குள் எங்கோ கதவு சாத்தப்பட்டது. சபைக்குச் சபை, ஊருக்கு ஊர் ஆண்டு மாறும்.

வைட்டின் நிழல் அண்மைக் கால ஆவணங்களிலும் நீள்கிறது. ‘லௌதாத்தோ சி’யின் முதல் இயல் காலநிலை அறிவியலின் ஒருமித்த முடிவுகளை ஏற்றுப் பேசுகிறது. ஆனால் குருமடங்களைக் குறிப்பிடும் 214ஆம் பத்தி எளிய வாழ்வு, படைப்பை நன்றியோடு தியானித்தல், ஏழைகள்மீதும் சூழல்மீதும் அக்கறை ஆகியவற்றையே கேட்கிறது. 2016 டிசம்பர் 8ஆம் தேதியிட்ட குருத்துவப் பயிற்சிக்கான உலகளாவிய நெறிமுறையின் 172ஆம் பத்தி வருங்காலக் குருக்கள் இப்பொருளில் கூருணர்வு கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு வழிகாட்டியாகத் திருச்சபைப் போதனையையும் இறையியலையும் சொல்கிறது. முதல் இயலின் அறிவியல், பயிற்சிப் பத்திக்கு வந்து சேர்வதற்குள் எங்கோ தங்கிவிடுகிறது. அறிவியல் வேண்டாம் என்று அந்தப் பத்திகள் சொல்வதாக நான் வாதிடவில்லை; ஒரு மௌனத்தின்மீது அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. 1965இன் ‘ஒப்தாத்தாம் தோத்தியுஸ்’ ஆணை, மெய்யியல் பாடம் அறிவியலின் அண்மை வளர்ச்சியைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று கேட்டதையும் மறக்கக் கூடாது.

வடசென்னையில் மணலியை ஒட்டிய மாத்தூரிலிருந்து பார்த்தால் இந்த மௌனம் சிறியதாகத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய், வெள்ளநீரோடு கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. மீனவர் குப்பங்களின் படகும் வலையும் கருத்தன. ஆலயமோ பள்ளிவாசலோ கோயிலோ, அப்போது அடைக்கலம் கேட்டு வருகிறவர்கள் படைப்பின் இறையியலைக் கேட்பதில்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் எத்தனை செ.மீ. மழை, முகத்துவாரம் மணல் மூடியிருந்தால் வெள்ளம் எங்கே திரும்பும், ஓதம் ஏறும் நேரம் எது என்றுதான் கேட்பார்கள்.

இதற்கான அறிவில் ஒரு பகுதி சபைக்குள்ளேயே இருந்தது. ராயபுரம் புனித பேதுரு ஆலயம் படகோட்டிச் சமூகம் எழுப்பியது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறிந்து பிழைத்த கரை இது. கைஸ்டர் தம் குறிப்பேட்டை எழுதிய நாள்களில் அவரோடு தமிழ் உபதேசியார்களும் இருந்தார்கள். காற்றின் திசையை அவர் தம் கண்ணால் மட்டும் அறிந்தாரா, அவர்கள் சொல்லக் கேட்டும் எழுதினாரா என்பதை 1999 ஆய்வின் நோக்கம் கேட்கத் தூண்டவில்லை. உபதேசியார்களின் அறிக்கைகளும் ஹாலேக்குத்தான் அனுப்பப்பட்டன. அவற்றைக் குறிப்பேட்டின் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் படிப்பதே அடுத்த வேலை.