தீவகத்து வணிகரும் சபாநாயகரும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று, தீவகத்தின் வணிக வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதற் சான்றாக அமைகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்று அரசன் அதிற் பணிக்கின்றான். யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்திற்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; பிற சரக்குக் கொணரும் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னனொருவன் தன் ஆணையைத் தமிழில் எழுதுவித்தமை பலராலும் எடுத்துக் காட்டப்படுவது. அதனினும் நம் கருத்தை ஈர்ப்பது, கடலில் அனைத்தையும் இழந்து நிற்கும் வணிகனுக்கு அரசு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது என்பதாகும்.

அவ்வூராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்டழைத்த தீவின் ஒரு முனையில் அஃது அமைய, அதே தீவில் வயலும் பனங்கூடலுமாகப் பரந்து கிடப்பது வேலணை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் இத்துறையிலிருந்தே கப்பலேறின. யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்குச் சென்றதும், எதிர்க்கரையிலிருந்து நெல்லும் துணியும் வந்ததும் கடல்வழியாகவே. பாய்க்கப்பல் வாணிகம் நலிந்த பின்னர், தீவகத்தார் கடலை விட்டுக் கடையைப் பற்றினர். காரைநகர், புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களின் மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறுவினர். ஊரிலே மனைவி மக்கள், கடையிலே கணவன், ஆண்டுக்கொருமுறை கோயில் திருவிழாவிற்கு வருகை என்பது பல குடும்பங்களின் வாழ்க்கை முறையாயிற்று. இங்குள்ள கோயில்களிலும் பள்ளிகளிலும் அக்கடைப் பணம் கலந்திருக்கின்றது.

இவ்வணிக மரபு அரசியலுக்குள் நுழைந்த காட்சியை ஏ. எல். தம்பிஐயாவிடம் காண்கின்றோம். அல்பிரட் லெனாட் தம்பிஐயா கொழும்புத் துறைமுகத்தில் தொழில் நடத்தியவர். ‘கார்கோ போட்’ நிறுவனத்தை நிருவகித்தவர். அக்காலத்துக் கொழும்புத் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் நடுத்துறையில் நங்கூரமிட்டே நிற்கும். சரக்கு முழுவதையும் பாரப்படகுகளில் இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். அரிசி, மா, சீனி உள்ளே வருவதற்கும், தேயிலையும் றப்பரும் வெளியே செல்வதற்கும் இப்படகுகளே வழி. பிரித்தானியக் கம்பனிகள் கோலோச்சிய இத்துறையிலே தமிழர் ஒருவர் இடம்பெற்று நிலைத்தமை எளிதான செயலன்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தம்பிஐயா ஊர்காவற்றுறைத் தொகுதியிற் சுயேச்சையாகப் போட்டியிட்டார். எதிரே நின்றவர் யார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. அவர் வேலணையின் மைந்தர், சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. அன்றுவரை அரசாங்க சபையின் சபாநாயகராக வீற்றிருந்தவர்.

துரைசுவாமி 1874இற் பிறந்து, கல்கத்தாவிற் பட்டம் பெற்று, அத்துவக்காத்தாகத் தொழில் புரிந்தவர். 1921இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கிய வேளையில், அது பூரண சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாயின. அவற்றுள் ஊர்காவற்றுறையும் ஒன்று. அப்பகிஷ்காரத்தினால் தமிழர் பெற்றதிலும் இழந்ததே மிகுதி என்பது எமது துணிபு. எனினும் அதன் பின்னிருந்த இலட்சியத்தை எள்ளுதல் முறையன்று. 1936இல் தேர்தல் வந்தபோது துரைசுவாமி சபையுட் புகுந்தார், அவ்வாண்டே சபாநாயகரானார். சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாயிருந்த சபை தமிழர் ஒருவரைத் தலைமையில் அமர்த்திப் பதினோராண்டு வைத்திருந்தது. 1944இல் மொழித் தீர்மானம் சிங்களத்தோடு தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டு நிறைவேறியதும், 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் ஏற்கப்பட்டதும் அக்காலத்தே. சபாநாயகர் வாதிடுபவரல்லர், பேசுவோரைப் பேசவிடுபவர். ஆகவே அவருடைய பணி ஏடுகளில் அதிகம் வெளித்தோன்றுவதில்லை.

அத்தகையவரைத் தீவகத்து மக்கள் 1947இல் தோற்கடித்தனர். இதனை நன்றி மறத்தல் எனக் கூறுவோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. துரைசுவாமி அப்போது எழுபத்துமூன்று வயதினர். பதினோராண்டுகளாக நடுநிலை காத்த ஆசனம் அவரைத் தொகுதியின் அன்றாட வழக்குகளிலிருந்து விலக்கியிருத்தல் இயல்பே. வாக்காளரோ, மகனுக்குக் கொழும்பில் ஒரு வேலை, ஊருக்கு ஒரு வீதி, கடைக்கு ஒரு துணை என்று எண்ணும் வணிகக் குடியினர். துறைமுகத்தையும் தொழிலாளரையும் அறிந்த ஒருவர் அவர்கட்கு அண்மையிலுள்ளவராகத் தோன்றியிருத்தல் கூடும். பிறிதொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஏனைய ஆறு தொகுதிகளையும் அத்தேர்தலிலே ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் கைப்பற்ற, ஊர்காவற்றுறை மட்டும் கட்சி சாராத வணிகரைத் தெரிந்தது. குடாநாடு வீசிய காற்று கடல் கடந்து தீவகத்தைச் சென்றடையவில்லை; கடைக்காரர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொண்டனர்.

1952இல் தம்பிஐயா மீண்டும் தெரிவானார். ஆனால் 1956இல், தனிச்சிங்கள முழக்கம் நாட்டைக் கவ்விய வேளையிலே, தொகுதி தமிழரசுக் கட்சியின் வ. அ. கந்தையாவிடம் சென்றது. கணக்குப் பார்க்கும் வணிகரும் மொழியுரிமைக்கு முன் கணக்கை மூடிவைத்தனர். இரண்டாண்டுகளில் இன்னுமோர் அடி. 1958இல் அரசாங்கம் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, கப்பலிற் சரக்கேற்றி இறக்கும் தொழிலையும் படகுத் தொழிலையும் தனியார் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. தொழிலாளர் நலன் கருதி அதனை வரவேற்றோர் பலர். அவர்களது நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் பராக்கிரமபாகுவின் சாசனம் உடைந்த கலத்தின் உடையவனுக்குப் பாதியையேனும் விட்டுவைத்ததை இவ்விடத்து நினையாதிருத்தல் அரிது. அதே ஆண்டின் இனவன்செயலிலே தென்னிலங்கையிற் பல தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. 1977இலும் 1983இலும் அக்கொடுமை மீண்டும் நிகழ்ந்தது. தலைமுறையாகக் கட்டியெழுப்பிய கடைகளின் சாவியைக் கையிற் பிடித்தவாறு ஊர் திரும்பியோர்க்கு ஊரும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1990இற் போர் தீவகத்திற்கும் வந்தது.

துரைசுவாமி 1966இற் காலமானார். வேலணை மத்திய மகா வித்தியாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ‘கார்கோ போட்’ என்ற பெயர், சரக்குப் படகுகள் மறைந்த பின்னரும், கொழும்பில் விடுதித் தொழில் நடத்திய கம்பனியொன்றின் பெயராக வழங்கிவந்தது.