மணிக்கட்டும் வயிறும்: சீனக் குத்தூசி மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

சீன மருத்துவம் என்றதும் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் வைத்தியரின் உருவமே பொதுவாக நம் மனக்கண்ணில் தோன்றும். இவ்வுருவம் தவறன்று, ஆயின் முழுமையானதுமன்று. அம்மருத்துவத்தின் ஆதி நூல்களை ஊன்றி நோக்குமிடத்து, நெஞ்சையும் வயிற்றையும் கையாற் தொட்டு அழுத்தி, துடிப்பையும் இறுக்கத்தையும் வலியையும் உணர்ந்து நோயறியும் முறையொன்று நாடிமுறையோடு உடன்நின்றமை புலப்படும். அம்முறை தான் பிறந்த நாட்டிலே பின்தள்ளப்பட்டமைக்கும் கடல் கடந்து யப்பானிற் செழித்தமைக்கும் காரணங்கள் யாவை என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

கி.மு. 168இல் மூடப்பட்டு 1973இல் அகழப்பெற்ற மாவாங்துய் மூன்றாம் கல்லறையிற் பட்டுத்துணி மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் உடலில் ஓடும் பதினொரு நாளங்கள் விவரிக்கப்படுகின்றன, சுடுசிகிச்சை கூறப்படுகின்றது, குத்தூசிப் புள்ளிகள் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே, இன்று நாம் அறியும் புள்ளி முறைமை அதன் பின்னரே படிப்படியாக உருவாகியிருத்தல் வேண்டும். அது ஒழுங்குபெற்ற நிலையைக் காட்டும் நூல்களுள் ஒன்று, கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்ததெனப் பொதுவாகக் கருதப்படும் ‘நான் ஜிங்’ ஆகும். எண்பத்தொரு வினாவிடைகளாலான இந்நூலின் முதலாம் வினாவிடை, உடலின் நோய்நிலை முழுவதையும் மணிக்கட்டு நாடியாலேயே அறியலாம் என நிறுவுகின்றது. பதினாறாம் வினாவிடையோ தொப்புளைச் சுற்றி ஒரு வரைபடம் வரைகின்றது. துடிப்பு தொப்புளுக்கு இடப்புறத்தே உணரப்படின் ஈரல், வலப்புறத்தே எனின் நுரையீரல், மேலே இருதயம், கீழே சிறுநீரகம், தொப்புளிலேயே எனின் மண்ணீரல் என்பது அதன் கூற்று. மணிக்கட்டே போதும் என்ற நூலே வயிற்றையும் தொடச் சொல்வது கருதத்தக்கது.

அறுபத்தேழாம் வினாவிடை உடலின் முன்புறத்து ‘மூ’ புள்ளிகளையும் முதுகுப்புறத்து ‘ஷூ’ புள்ளிகளையும் இணைத்துப் பேசுகின்றது. ‘மூ’ என்பது உறுப்பின் உயிராற்றல் வந்து திரளும் இடமெனப் பொருள் கொள்ளப்படும். பின்னைய மரபிற் பன்னிரண்டு உறுப்புக்களுக்கும் பன்னிரண்டு மூ புள்ளிகள் நெஞ்சிலும் வயிற்றிலும் விலாப்புறத்திலும் வகுக்கப்பட்டன. இவை நோயறியும் இடங்களுமாம். சிகிச்சை செய்யும் இடங்களுமாம். அழுத்தும்போது வலிப்பின் அதற்குரிய உறுப்பு நோயுற்றதெனக் கொண்டு, அவ்விடத்திலேயே ஊசி ஏற்றுவர் அல்லது சூடு வைப்பர்.

இப்பன்னிரண்டையும் நாளக் கோட்பாட்டோடு ஒப்பிடும்பொழுது ஓர் உண்மை வெளிப்படுகின்றது. தத்தம் உறுப்புக்குரிய நாளத்தின்மீது அமைந்தவை மூன்றே: நுரையீரலுக்குரிய சோங்ஃபூ, ஈரலுக்குரிய சீமென், பித்தப்பைக்குரிய ரீயுவே. ஏனைய ஒன்பதும் பிற நாளங்களிற் கிடக்கின்றன. அவற்றுள் ஆறு உடலின் முன்நடுக்கோட்டில் உள்ளன. மறுபுறத்தே, இரைப்பைக்குரிய சோங்வான் இரைப்பைக்கு நேர்மேலேயே உள்ளது. சிறுநீர்ப்பைக்குரிய சோங்ஜி அடிவயிற்றில் அப்பைக்கு நேர்முன்னே உள்ளது. எனவே இப்புள்ளிகள் நாளக் கோட்பாட்டிலிருந்து உய்த்துணரப்பட்டவை அல்ல. நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்த்த கைகளின் அனுபவத்திலிருந்து எழுந்து, பின்னர் கோட்பாட்டினுள் ஒருவாறு பொருத்தப்பட்டவை என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகின்றது.

கி.பி. 200ஐ அடுத்து சாங் சோங்ஜிங் இயற்றிய ‘ஷாங்ஹான் லுன்’ பெரும்பாலும் மருந்து நூலே. ஆயினும் நெஞ்சின் கீழ் அடைப்பு, விலாவின் கீழ் நிறைவு, அழுத்த வலிக்கும் வயிறு, அழுத்த வலியாத வயிறு என அது செய்யும் வேறுபாடுகள் தொட்டறியாத வைத்தியன் எழுதக்கூடியவை அல்ல. மாதவிடாய்க் காலத்திற் காய்ச்சலுற்று, விலாவின் கீழ் நிறைவும் பிதற்றலும் கொண்ட பெண்ணுக்குச் சீமென் புள்ளியிற் குத்துக என்றும் அது விதிக்கின்றது. சீமென் மார்பகத்துக்கு நேர்கீழே விலாவெலும்புகளுக்கிடையில் உள்ள புள்ளி. இனி, 1575இல் வெளிவந்த லீ சானின் ‘யீசூயே ரூமென்’ கூறுவதைப் பார்ப்போம். பெண் நோயாளியைத் திரைக்கு அப்பாலிருந்து பார்க்கவும், அவளது மணிக்கட்டை மெல்லிய துணியால் மூடி நாடி பிடிக்கவும் அது அறிவுறுத்துகின்றது. இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் மாறியது பெண்ணுடல் அன்று. அதனைச் சூழ்ந்த சமூகமே.

இம்மாற்றத்திற்குக் கொன்ஃபியூசிய நாணவிதியே காரணமென்பர். அது ஓரளவு உண்மை. ஆயின் தொக்குகாவா கால யப்பானும் கொன்ஃபியூசியம் பயின்ற சமூகமே. அங்கோ வயிற்றுச் சோதனை தனிக் கலையாக வளர்ந்தது. எனவே வைத்தியனின் வர்க்க நிலையையும் நாம் நோக்குதல் வேண்டும். பிற்காலச் சீனத்திற் புகழ்பெற்ற வைத்தியன் படித்த மேலோனாயினான். அவன் நூல் கற்றான், நாடி பார்த்தான், மருந்துச்சீட்டு எழுதினான். ஊசியும் சூடும் கைத்தொழிலாளர் கையிற் பெரிதும் தங்கின. 1822இல் தாவோகுவாங் பேரரசரின் ஆணைப்படி அரண்மனை வைத்திய நிறுவனத்திலிருந்து குத்தூசித் துறை நீக்கப்பட்டது. குத்துவதும் சுடுவதும் அரசனுக்குச் செய்யத்தக்கன அல்ல என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். பயன் இல்லை என்று எவரும் வாதிடவில்லை என்பதை வாசகர் கவனிக்க.

யப்பானிலே நிலைமை வேறு. அங்கு உடலைப் பிசைந்து பிழைக்கும் தொழில் குருடர்களின் கையில் இருந்தது. அவர்களுள் ஒருவரான சுகியாமா வாயிச்சி (1610–1694), ஊசியைச் சிறு குழாயினூடே செலுத்தும் முறையைப் புகுத்தியவராகக் கருதப்படுகின்றார். ஷோகன் சுனயோஷியின் ஆதரவோடு குருடர்க்குப் பள்ளிகளும் அமைத்தார். கண்ணற்றோர்க்குக் கையே நூல். அதே நூற்றாண்டில் மூபுன் மரபினர் வயிற்றிலேயே நோயறிந்து, வயிற்றிலேயே பொன் அல்லது வெள்ளி ஊசியைச் சிறு மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிச் சிகிச்சை செய்தனர். அவர்தம் முறையைக் கூறும் ‘ஷின்தோ ஹிக்கெத்சுஷூ’ 1685இல் வெளியாயிற்று. யோஷிமாசு தோதோ (1702–1773) ஒருபடி மேலே சென்று, யின்-யாங் ஊகங்களையும் நாடியின் முதன்மையையும் ஒதுக்கி, வயிற்றையே நோயின் வேராகக் கண்டார்.

மேற்குலகு இச்சிகிச்சையை அறிந்ததும் யப்பான் வழியாகவே. ஒல்லாந்துக் கும்பனியின் வைத்தியராக 1690 முதல் 1692 வரை நாகசாக்கியில் வாழ்ந்த எங்கெல்பேட் கெம்ஃபர் என்ற யேர்மானியர், 1712இல் வெளியிட்ட நூலில் வயிற்றுக் குத்துவலிக்கு மூன்று வரிசைகளாக ஒன்பது இடங்களில் வயிற்றில் ஊசி ஏற்றும் முறையை விவரித்தார்.

மீண்டும் சீனத்துக்கு வருவோம். 1929இல் சுதேச மருத்துவத்தை ஒழிக்கக் குவோமிந்தாங் ஆட்சியில் எழுந்த யோசனை வைத்தியர்களின் எதிர்ப்பால் நிறைவேறவில்லை. 1949இன் பின் மக்கள் குடியரசு அம்மருத்துவத்தை அரச கல்லூரிகளுக்குள் கொண்டுவந்தது. இழிந்த தொழிலென ஒதுக்கப்பட்ட ஊசி கிராமங்களில் வெறுங்கால் வைத்தியரின் பையிலும் இடம்பெற்றது. 1971 யூலையில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெஸ்ற்றன் பீக்கிங்கிற் குடல்வால் அறுவைக்கு உட்பட்டார். அவருக்கு உணர்ச்சிநீக்கம் செய்தது ஊசி என்பது பரவலான தவறான கதை. உணர்ச்சிநீக்கத்துக்கு வழக்கமான மருந்தே செலுத்தப்பட்டது. அறுவையின் பின் ஏற்பட்ட வயிற்றுப்பொருமலுக்கே முழங்கையிலும் முழங்காலின் கீழும் ஊசி ஏற்றி, வயிற்றருகே மூலிகைச் சூடு காட்டினர்.

இவ்வரலாறு சிகிச்சையின் பயனை நிறுவுவதாகாது என்பதையும் கூறுதல் வேண்டும். 2007இல் வெளியான யேர்மன் ஆய்வொன்றில், முதுகுவலிக்கு உரிய புள்ளியிற் குத்தப்பட்டோரில் 47.6 வீதத்தினரும், உரியதல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 வீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 வீதத்தினரும் தேறினர். புள்ளியின் இடத்தைவிடச் சிகிச்சையின் செயலே முக்கியமோ என்ற ஐயத்தை இவ்வெண்கள் எழுப்புகின்றன. நெஞ்சிற் குத்துவதன் ஆபத்தோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இருதயத்தைத் தைத்தால் ஒரு நாளிலும் நுரையீரலைத் தைத்தால் மூன்று நாளிலும் மரணம் என ‘சூ வென்’ ஐம்பத்திரண்டாம் இயல் எச்சரிக்கின்றது; நுரையீரல் துளையுண்டு நெஞ்சறையிற் காற்றுப் புகுந்த நிகழ்வுகள் இன்றைய மருத்துவ ஏடுகளிலும் பதிவாகியுள்ளன.

1970களிலிருந்து போ ஜியுன் என்ற சீன வைத்தியர் வயிற்றில் மட்டுமே ஊசி ஏற்றும் முறையொன்றை உருவாக்கினார். முழு உடலும் ஓர் ஆமையின் வடிவில் வயிற்றின்மீது படிந்திருப்பதாக அவர் கொண்டார். மூபுன் மரபினர் கையால் தேடியதை அவர் அளவுகோலால் அளந்தார்: தொப்புளிலிருந்து தூரம், ஊசியின் ஆழம் என்பனவே அம்முறையில் முதன்மை பெற்றன.