ஆஸ்பத்திரியில் எண்ணெய் எடுக்கிறார்களாம்!

மும்பையில் ஆர்தர் ரோடு என்றால் ஜெயில்தான் ஞாபகம் வரும். அங்கே ஓர் ஆஸ்பத்திரியும் உண்டு. இன்றைக்கு அதன் பெயர் கஸ்தூர்பா. 2020-ல் மும்பையின் கொரோனா நோயாளிகளை முதலில் சேர்த்தது அங்கேதான். 1896 அக்டோபரில் அதே ஆஸ்பத்திரியை ஏறக்குறைய ஆயிரம் மில் தொழிலாளிகள் தாக்கினார்கள். நோயாளிகளைக் கொன்று உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு!

படிக்காத ஜனங்கள், வேறென்ன செய்வார்கள் என்று ஒதுக்கிவிடலாமா? அவர்கள் கண்டதை யோசித்துப் பாருங்கள். செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் வந்திருப்பதை டாக்டர் வியேகாஸ் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே, நோயாளிகளை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகும் அதிகாரத்தை நகராட்சி எடுத்துக்கொண்டது. குணப்படுத்த மருந்தில்லாத காலம். பலர் முற்றிய நிலையில்தான் உள்ளே போனார்கள். வெளியே நின்றவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அண்ணன் உயிரோடு போனான், பிணமாக வந்தான். நடுவில் நடந்ததை யாரும் சொல்லவில்லை. வதந்தி சொன்னது.

அரசாங்கம் இன்னும் இறுக்கியது. 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த ராண்டை ஜூன் 22-ம் தேதி சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

பலன் கொடுத்தது வேறு வழி. அந்தந்தச் சமூகத்தார் தாங்களே ஆஸ்பத்திரி நடத்த அனுமதி கிடைத்தது. உள்ளே இருப்பவர்கள் நம்மவர்கள் என்றதும் பயம் குறைந்தது. ஹாஃப்கின் தான் கண்டுபிடித்த தடுப்பூசியை 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். இஸ்மாயிலி கோஜாக்களின் தலைவரான இளம் ஆகா கான், தன் மக்கள் பார்க்கப் பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டார்.

வங்கிக்காரனான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. 'இந்த பேங்க் மூழ்கப் போகிறது' என்று புரளி கிளம்பினால் நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை. கவுண்ட்டரைத் திறந்து வைத்து, கேட்டவருக்கெல்லாம் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். நாலு பேர் பணத்தோடு வெளியே வந்தால் வரிசை தானே கலையும்.

2021 மே மாதம், கொரோனா அலைக்கு 5ஜி சோதனைதான் காரணம் என்று செய்தி பரவியது. நாட்டில் எங்குமே அந்தச் சோதனை தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட்டது. உண்மையான, தேவையான அறிக்கைதான். ஆனால் பயந்துபோயிருக்கும் பெரியப்பாவிடம் அதை ஃபார்வர்டு செய்துவிட்டுச் சிரித்தால் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு எதில் பயம் என்று கேட்க வேண்டும். பிறகு நம் சட்டைக் கையை முதலில் மடித்துக் காட்ட வேண்டும்.